ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை உங்கள் பிள்ளைகள் இந்த மாதம் படிக்கிறார்கள். வழக்கமாக இந்தப் பாடம் மார்ட்டின் லூதர் கிங்கில் தொடங்கி அவரோடு முடிந்துவிடும். நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குகிறோம்.

வர்ஜீனியா மாநிலத்தின் ஃபார்ம்வில் என்ற ஊரில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று மோட்டன் உயர்நிலைப் பள்ளி இருந்தது. 180 பேருக்காகக் கட்டிய இடத்தில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதாமல் தார்த்தாள் போர்த்திய மரக் கொட்டகைகளிலும் வகுப்பு நடந்தது. மழை வந்தால் ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்போரம் இருப்பவருக்கு வெக்கை தாங்காது, தள்ளி இருப்பவர் கோட்டைக் கழற்ற முடியாது. வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளியிலோ உடற்பயிற்சிக் கூடமும் உணவுக் கூடமும் இருந்தன. ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்று 1896இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஏற்பாட்டின் லட்சணம் இதுதான்.

1951 ஏப்ரல் 23 அன்று, பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி எல்லோரையும் அரங்கில் கூட்டிப் பேசினார். மொத்தப் பள்ளியும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அதற்குச் சற்று முன் ஒரு பொய்யான ஃபோன் அழைப்பில் தலைமையாசிரியரை வெளியே அனுப்பியிருந்தார்கள். அவர் மேல் பழி விழக்கூடாது என்ற அக்கறையும் அதில் இருந்தது. ஆனாலும் பிறகு அவருக்கு வேலை போனது. இதை என்னால் சாதாரணமாகப் படித்துக் கடக்க முடியவில்லை.

பிள்ளைகள் கேட்டது நல்ல கட்டடம். உதவிக்கு வந்த வழக்கறிஞர்களோ, பிரித்து வைப்பதையே எதிர்ப்பதானால்தான் வழக்கை எடுப்போம் என்றார்கள். அதற்குப் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். வேலையும் கடனும் வெள்ளையர் கையில் இருந்த ஊர் அது. அப்படியும் பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள். 1954 மே 17 அன்று, இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளில் இதுவும் ஒன்று.

தீர்ப்போடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சேர்த்துப் படிக்க வைப்பதைவிட மூடுவதே மேல் என்று அந்த மாவட்டம் 1959இல் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் பூட்டியது. மறுபடி திறந்தது 1964இல். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகளில் சிலரை வெளியூர் உறவினர் வீடுகளுக்கு அனுப்பினார்கள், பலருக்குப் படிப்பே நின்றது.

அதனால் இந்த வாரம் வீட்டுப்பாடம் ஒரே கேள்விதான். ‘அந்த ஊரில் இருந்திருந்தால் நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா?’ என்று பிள்ளைகள் உங்களிடம் கேட்பார்கள். மதிப்பெண் கிடையாது. பயமாக இருந்திருக்கும் என்றால் அதையே சொல்லுங்கள், அந்தப் பெற்றோருக்கும் பயம் இருந்திருக்கும்.

அப்புறம், 1963இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில் ஊர்வலம் போன சிறுவர்கள்மேல் போலீஸ் நாய்களை ஏவியதையும் தண்ணீரைப் பீய்ச்சியதையும் காட்டும் படங்களை வெள்ளிக்கிழமை வகுப்பில் பார்க்கிறோம். உங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைத்தால் வியாழக்கிழமைக்குள் டைரியில் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்