குழந்தையின் அளவுக்குக் கருவி வாங்குங்கள்

குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கல் அறுவை செய்யும் மருத்துவமனைகளின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பெரியவர்களுக்கென வாங்கிய கருவிகளை வைத்தே பிள்ளைகளுக்கும் சமாளித்துவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதுகில் துளையிட்டுக் கல்லை எடுக்கும் பிசிஎன்எல்லையே எடுத்துக்கொள்வோம். கருவிகள் நுழைய அந்தத் துளையில் செருகும் குழல்தான் உறை; அதன் தடிமனை 'பிரெஞ்சு' என்ற அலகில் சொல்வோம். பெரியவர்களுக்குப் போடும் 24 பிரெஞ்சு உறையின் விட்டம் 8 மி.மீ. 14 பிரெஞ்சு உறை 5 மி.மீ.கூட வராது. துளையின் பரப்பைக் கணக்கிட்டால் வித்தியாசம் ஏறக்குறைய மூன்று மடங்கு. 10 கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 800 மி.லி.தான், 200 மி.லி. போனால் கால்வாசி போயிற்று. பெரியவர் ஒருவர் ரத்ததானத்தில் கொடுப்பது அதைவிட அதிகம். கல் சற்றுப் பெரிதென்றால் நேரம் கூடுதலாகட்டும், மெல்லிய உறைக்குள்ளேயே லேசரால் பொடித்து எடுக்கலாம்.

அடுத்தது சலைன், அதாவது அறுவையின்போது கல்துகளைக் கழுவ உள்ளே பாய்ச்சும் உப்புநீர். அறை வெப்பத்தில் இருக்கும் சலைன் லிட்டர் லிட்டராக உள்ளே ஓடினால் குழந்தையின் உடம்பு மளமளவென்று குளிர்ந்துவிடும். குளிர்ந்த உடம்பில் ரத்தம் உறைவதும் தாமதமாகும். ஆகவே 37 டிகிரிக்குச் சூடாக்கும் கருவி அரங்கிலேயே இருக்க வேண்டும். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று ஒருவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். சலைன் பையை உயரத் தூக்கி அழுத்தம் ஏற்றினால் கல்லில் ஒளிந்திருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். அறுவைக்கு முன்பே சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று காட்டும் கல்ச்சர் சோதனை பார்த்திருக்க வேண்டும்; சீழ் கட்டிய சிறுநீரகமென்றால் முதலில் வடித்துவிட்டு, கல்லைப் பிறகு பார்க்கலாம்.

துளையிடாமல், சிறுநீர் வரும் வழியாகவே ஸ்கோப் என்னும் மெல்லிய கேமராக் குழலை ஏற்றியும் கல்லை எடுப்பதுண்டு. அப்போது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாய் குறுகலாக இருந்து ஸ்கோப் ஏறவில்லையா? தள்ளாதீர்கள். கிழிந்த இடம் பின்னாளில் சுருங்கி அடைத்துக்கொள்ளும். இரு முனையும் சுருண்ட மெல்லிய குழலான டிஜே ஸ்டென்ட்டை அதற்குள் வைத்து, ஓரிரு வாரம் கழித்து மீண்டும் அழைத்தால் குழாய் தானே தளர்ந்திருக்கும். "இன்னொரு தடவை மயக்கம் கொடுக்கணுமா?" என்று பெற்றோர் கலங்குவார்கள். அந்தக் கலக்கம் நியாயமானது. அதனால் இந்த வாய்ப்பை முதல் நாளே சொல்லி வையுங்கள்.

ஒருமுறை வைத்த ஸ்டென்ட்டை மறப்பதுதான் எங்களை மிகவும் வருத்துவது. மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் அதன் இரு முனையிலும் கல் படிந்து, இழுத்தாலும் வராது. கல்லை எடுக்க வந்த பிள்ளைக்கு ஸ்டென்ட்டை எடுக்கவே இன்னோர் அறுவை. தனிப் பதிவேடு ஒன்று போடுங்கள்: வைத்த நாள், எடுக்க வேண்டிய நாள், வீட்டாரின் இரண்டு தொலைபேசி எண்கள். வாரம் ஒருமுறை அதைப் பார்த்து, வராதவர்களை அழைக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் சிறுநீரக அறுவைப் பணியில் இருப்போர்