நான்கு மணி அடித்தார்கள்

சான் டியாகோ,
சனிக்கிழமை இரவு

மாப்ளே,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதையெல்லாம் ஊருக்கு வரும்போது சேர்த்துத் திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான். இன்று பார்த்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

பக்கத்து வீட்டம்மா அமெரிக்கக் கடற்படையில் கமாண்டர் என்று சொல்லியிருக்கிறேனே, அவருக்கு இன்று ஓய்வு விழா. மிட்வே என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பல் இங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. அதன் மேல்தளத்தில்தான் நடந்தது. பேச்செல்லாம் வழக்கம்போல. என் கண் முழுக்க முன்வரிசையில் இருந்த அவருடைய அப்பா மேல்தான்.

பெரியவர் பிலிப்பைன்ஸ்காரர். 1947-இல் போட்ட ராணுவத் தள ஒப்பந்தத்தை வைத்து அமெரிக்கக் கடற்படை அங்கேயே ஆள் எடுத்தது. மணிலா விரிகுடாவில் சாங்லி பாயிண்ட் தளத்தில் இவர் 1966-இல் சேர்ந்தார். கல்லூரியில் படித்தவர். ஆனாலும் பிலிப்பைன்ஸ் குடிமகனுக்கு ஸ்டூவர்டு வேலைதான்: அதிகாரிகளுக்குச் சமைக்கணும், பரிமாறணும், படுக்கை விரிக்கணும், ஷூ துடைக்கணும். மற்ற பிரிவுகளின் கதவு திறக்க எழுபதுகள் வரவேண்டியிருந்தது. இத்தனைக்கும் 1970 வாக்கில் பிலிப்பைன்ஸின் சொந்தக் கடற்படையில் இருந்தவர்களைவிட அமெரிக்கக் கடற்படையில் இருந்த பிலிப்பினோக்கள்தான் அதிகம்! கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. அவர் சிரிக்கிறார். "கானி மரியானோவின் அப்பாவும் ஸ்டூவர்டுதான். மகள் ரியர் அட்மிரல் ஆனாள், வெள்ளை மாளிகையில் மூன்று ஜனாதிபதிகளுக்கு வைத்தியம் பார்த்தாள்" என்கிறார்.

கடைசியில் நான்கு மாலுமிகள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்றார்கள். கப்பல் மணி இரண்டிரண்டாக மொத்தம் நான்கு அடி அடித்தது. விசில் நீளமாக ஊத, அந்த அம்மா சல்யூட்டுகளுக்கு நடுவே நடந்து கரைக்குப் போக அனுமதி கேட்டார். அப்புறம் நேராக அப்பாவிடம் போய் சல்யூட் வைத்தார். பெரியவர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். கையை நெற்றிக்குக் கொண்டுபோக அவ்வளவு நேரம் ஆனது. யாரும் அசையவில்லை.

எனக்கு உன் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தூத்துக்குடித் தோணியில் மாலத்தீவு வரைக்கும் சமைத்துக்கொண்டே போய் வந்தவர். நமக்கு மாசிக் கருவாடு கொண்டுவந்து தருவாரே! வகுப்பில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் நீ "மாலுமி" என்று மெதுவாகச் சொல்வாய். அது பொய்யே இல்லை மாப்ளே.

தோணியில் கரண்டியோடு நிற்கிற போட்டோ ஒன்று உங்கள் வீட்டில் இருந்ததே, அதை அனுப்பு. செவ்வாய்க்கிழமை பெரியவர் தானே அடோபோ சமைத்துப் போடுகிறார். அவரிடம் காட்டணும்.

உன்
மச்சான்