ஒரு நுண்ணோக்கி கேட்டு, அறிவியல் கண்காட்சிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட அறிவியல் கண்காட்சி ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். அண்மையில் நடந்து முடிந்த கண்காட்சியின் கடைசி அரங்கில், காகிதப் பூக்களுக்கும் கோலப்பொடி ஓவியங்களுக்கும் நடுவே, ‘கைவினை மற்றும் பொழுதுபோக்கு’ என்ற பலகையின் கீழ் இடம் ஒதுக்கப்பட்ட நுண்சிற்பக் கலைஞரைப் பற்றி எழுதுகிறேன். அவரை அறிவியல் பிரிவில் சேர்க்கக் கோரி இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் நான் அளித்த விண்ணப்பமும், ‘இது அறிவியல் சார்ந்தது அன்று’ என்று ஒற்றை வரியில் வந்த பதிலும் தங்கள் கோப்பில் இருக்கும் என்பதால், அவற்றை மறுபடி விவரிக்கவில்லை.

அந்த மேசையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஊசியின் காதுக்குள் அமர்ந்து நாகஸ்வரம் வாசிக்கும் தங்க உருவம், உயரம் 0.4 மில்லிமீட்டர், குழலின் தடிமன் 0.03 மில்லிமீட்டர். அதைப் பார்ப்பதற்கெனத் தாங்கள் வைத்திருந்தது, சங்கிலியால் மேசைக் காலோடு கட்டப்பட்ட, நாளிதழ் வாசிக்க உதவும் பூதக்கண்ணாடி ஒன்று. மூன்று மடங்குதான் பெருக்கும். 25 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்கும்போது நம் கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். 0.03ஐ மூன்றால் பெருக்கினால் 0.09 வருகிறது. அந்த நாகஸ்வரம் யார் கண்ணுக்கும் தெளியாதபடி அமைந்த ஏற்பாடு அது. வேண்டுமென்றே திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு துல்லியமாக வாய்த்திருக்காது.

வரிசையில் நின்று வந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு, “எங்க தாத்தா இருக்கு?” என்று கேட்டாள். “அந்த மஞ்சப் புள்ளிதாம்மா” என்றார் கலைஞர். அவள் நம்பாததைக் கண்டு கைப்பேசியில் இருந்த பெரிதாக்கிய படத்தைக் காட்டினார். பின்னால் நின்றிருந்தவர், “இதெல்லாம் கிராஃபிக்ஸ்ல பண்றதுங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நாற்பதாண்டுக் காலம் பட்டறையில் சாமணமும் அரமும் பிடித்த பொற்கொல்லர், தான் செய்த பொருள் உண்மையில் இருக்கிறது என்பதையே நிரூபிக்கவேண்டிய நிலைக்கு ஆளானார். பிற்பகலுக்கு மேல் அவர் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறிக் காற்று படாமல் ஊசியைக் கையால் மறைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

இக்கலையில் காட்சிப்பொருளும் அதைக் காட்டும் கருவியும் என்றுமே பிரிந்திருந்ததில்லை. 1859இல் பிரான்சின் ஒளிப்படக் கலைஞர் ரெனே தாக்ரோன் காப்புரிமை பெற்ற நுண்படப் பதக்கங்களில், புள்ளியளவு ஒளிப்படத்தின் மீதே சிறு கண்ணாடி வில்லையும் ஒட்டப்பட்டிருந்தது. பொழுதுபோக்குப் பொருளாகத்தான் அவை விற்றன. ஆனால் 1870இல் ஜெர்மானியப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டபோது, அதே மனிதரின் அதே நுட்பத்தால்தான் ஆயிரக்கணக்கான கடிதங்கள் படச்சுருள்களாகச் சுருங்கிப் புறாக்களின் வால் இறகில் கட்டப்பட்டு நகருக்குள் சென்றன. அங்கே அவற்றின் வழியே ஒளியைப் பாய்ச்சிச் சுவரில் பெரிதாக விழச்செய்து படியெடுத்தார்கள். பூதக்கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிவிட்டு ‘படித்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிடவில்லை.

அறிவியலோடு தொடர்பில்லை என்ற தங்கள் முடிவுக்கும் மறுமொழி கூறக் கடமைப்பட்டுள்ளேன். ஜெர்மனியில் ஹாம்பர்க் அருகே வேடல் என்னும் ஊரில் வாழ்ந்த மோல்லர், சிலிக்கா ஓடுடைய டயட்டம் என்னும் நுண்பாசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நகக்கண்ணளவு இடத்தில் ஏறத்தாழ 4,000 ஓடுகளை வரிசையாக அடுக்கினார். கண்டவர்கள் கலை என்று வியந்தார்கள். அவரே அடுக்கிய இருபது டயட்டம் கொண்ட தகட்டை வைத்துத்தான் நுண்ணோக்கி செய்தோர் தங்கள் வில்லைகளின் தரத்தைச் சோதித்தார்கள். 1959இல் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கே உள்ள கனசதுரத்துக்குள் அடங்கும் மின்மோட்டாரைச் செய்பவருக்கு 1,000 டாலர் பரிசு அறிவித்தார். புதிய தொழில்நுட்பம் ஒன்று பிறக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. அடுத்த ஆண்டே வில்லியம் மெக்லெல்லன் என்ற பொறியாளர் சாமணம், நுண்ணோக்கி போன்ற வழக்கமான கருவிகளைக் கொண்டு கையாலேயே அதைச் செய்துகாட்டிப் பரிசைப் பெற்றுச் சென்றார்.

நம் பொற்கொல்லரின் கைக்கும் அந்த இயற்பியல் தெரியும். நீள அகல உயரங்களைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும், பரப்போ நூறில் ஒன்றாகத்தான் குறையும். ஆகவே அந்த அளவில் எடையைவிட ஒட்டும் விசைகளே ஓங்கி நிற்கும். சாமணத்தை விரித்தாலும் தங்கத் துணுக்கு விழாது, ஒட்டிக்கொண்டு நிற்கும். ஊசிமுனையை இலேசாக ஈரப்படுத்தி அதை அவர் இறக்கி வைப்பதைப் பார்த்த பிறகு, பரப்பு இழுவிசைப் பாடத்தைப் பழைய முறையில் நடத்த எனக்கு மனம் வரவில்லை. அவர் இழுக்கும் கம்பியின் தடிமனும், மின்னணுச் சில்லுகளை வெளிமுனைகளோடு இணைக்கும் தங்கக் கம்பியின் தடிமனும் ஏறத்தாழ ஒன்றே.

இத்தனைக்குப் பிறகும் அறிவியல் அரங்கில் வழக்கம்போல் தெர்மோகோல் எரிமலைகளே புகைந்தன. ஒவ்வோர் ஆண்டும் அதே சோடா உப்பு, அதே வினிகர், அதே முதல் பரிசு. ஒரு சிற்பத்தை 40 மடங்கு பெருக்கிக் காட்ட வழியில்லாத வளாகத்தின் வாசலில், வரவேற்புக் குழுவினரின் முகங்களை ஃபிளெக்ஸ் பலகையில் அதைவிடப் பெரிதாகப் பெருக்கிக் காட்ட மட்டும் நிதி இருந்தது. சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

அடுத்த கண்காட்சியில் அவருடைய மேசையின் மீது விளக்கோடு கூடிய, இரு கண்களாலும் பார்க்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கி ஒன்றை வையுங்கள். அந்த மேசையை அறிவியல் அரங்கில் போடுங்கள். உக்ரைன் தலைநகர் கீவின் பெச்சர்ஸ்க் மடாலய வளாகத்திலுள்ள, மிகோலா சியாத்ரிஸ்தி என்ற கலைஞரின் நுண்சிற்பங்களை, தங்க லாடம் அடித்த தெள்ளுப்பூச்சி உட்பட, நுண்ணோக்கிகள் வழியாகத்தான் பார்வையாளர்கள் காண்கிறார்கள். நாம் கேட்பது ஒரே ஒரு நுண்ணோக்கி. அது 40 மடங்கு பெருக்கினால் நாகஸ்வரக்காரர் 16 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பார். அந்த மாணவி யாரிடமும் எங்கே என்று கேட்கமாட்டாள்.

வாங்க நிதி இல்லையெனில், எங்கள் பள்ளி ஆய்வகத்தில் உள்ளதைத் தலைமையாசிரியரின் ஒப்புதலோடு நானே கொண்டுவந்து பொருத்தி, மூன்று நாளும் உடனிருந்து பார்த்துக்கொள்கிறேன். குழுவினர் தரவேண்டியவை ஒரு மின் இணைப்பும், ஆடாத மேசையும், மின்விசிறி இல்லாத ஒரு மூலையும்தான். கலைஞர் மீண்டும் வருவதற்குத் தயங்குகிறார். தங்கள் ஒப்புதல் கடிதத்தைக் காட்டினால்தான் அவரிடம் என்னால் பேச முடியும். எனவே நுண்ணோக்கிக்கும் அறிவியல் அரங்கில் இடத்துக்குமான பதிலை எழுத்துமூலம், இம்முறை ஒரு வரிக்குச் சற்று மேலாக, அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேல்நிலைப்பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவர்