குண்டூசிக்கு ஒரு மளிகைக் கடிதம்

அன்புள்ள குண்டூசிக்கு,

இந்தப் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. காற்றடித்தால் பறந்துவிடுவாய் என்று விடுதியில் நாங்கள் வைத்த பெயர். உன்னை டாக்டர் 12 கிலோ குறைக்கச் சொல்லியிருக்கிறார் என்று உன் கடிதத்தில் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். அடுத்த பத்தியில் வீட்டில் ஒரு சம்பளம் நின்றுபோன சேதி இருந்தது. அத்தோடு சிரிப்பும் நின்றது.

கூடவே வைத்து அனுப்பிய உணவுப் பட்டியலையும் பார்த்தேன். காலையில் பாதாம், மதியம் ஆலிவ் எண்ணெயில் சால்மன் மீன், இரவுக்குக் கினோவா என்கிற வெளிநாட்டுத் தானியம், நடுவில் பசித்தால் புளூபெர்ரி. இதை அப்படியே வாங்க ஆரம்பித்தால் எடை நிச்சயம் குறையும்டி. பத்தாம் தேதிக்கு மேல் எதுவும் வாங்கிச் சாப்பிடக் கையில் காசு இருக்காது.

நானும் இந்த வழியாக வந்தவள்தான். மூன்று வருடம் முன்பு வேலை போய் எட்டு மாதம் வீட்டில் இருந்தேனே, அப்போதுதான் எனக்கு எடை ஏறியது. காசு குறைந்தால் ஆளும் மெலிவாள் என்று நினைப்போம். எனக்கு நேர்மாறாக நடந்தது. முதலில் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். காசும் மிச்சம், எடையும் குறையும் என்று கணக்கு. நான்கே நாளில் இரண்டு கிலோ இறங்கியது, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு, சமையலறையில் விளக்குக்கூடப் போடாமல் நின்று ஒரு பாக்கெட் பிஸ்கட்டை முடித்தேன். அந்த வார இறுதிக்குள் இரண்டு கிலோவும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகுதான் தெரிந்தது, போனதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் முதலில் காலியாவது அந்தச் சேமிப்புதான். மறுபடி சாப்பிட்டதும் தண்ணீரோடு சேர்ந்து அது நிரம்பிவிடும். முதல் வாரம் எடை மெஷின் காட்டும் எண்ணை நம்பி நீயும் ஆடிவிடாதே.

வேலை இல்லாதவளிடம் நேரத்துக்குக் குறைவில்லை. ஒரு மாத மளிகை பில்களை எடுத்துக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்தேன். பசிக்காக வாங்கியதற்கு ஒரு கோடு, வாய்க்காக வாங்கியதற்கு ஒரு வட்டம். பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானம், டப்பா ஜூஸ், கேக், நூடுல்ஸ் என்று வட்டம் போட்டுப் போட்டுக் கை வலித்தது. பில்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! பணமும் அதில்தான் போயிருந்தது, எடையும் அதில்தான் வந்திருந்தது. அன்றிலிருந்து கடையில் ஒரு பொருளைக் கையில் எடுத்தால் எனக்குள் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: இது எத்தனை மணி நேரம் பசி தாங்கும்?

இந்தக் கேள்வியை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் என்பவரும் அவரது குழுவினரும் 38 உணவுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றிலும் 240 கலோரி வருகிற அளவைக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் வயிறு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டு மற்றதை அளந்ததில் முதலிடம் எதற்குத் தெரியுமா? வெறும் அவித்த உருளைக்கிழங்கு! 323. கடைசி இடம் வெண்ணெய் போட்டுச் செய்யும் குரோசான்ட் ரொட்டி, 47. கலோரி ஒன்றுதான், நிறைவில் ஏழு மடங்கு வித்தியாசம். எடை குறைக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் தள்ளி வைப்பது உருளைக்கிழங்கைத்தான், பாவம். அதை எண்ணெயில் போடாமல் அவித்து, தோலோடு சாப்பிட்டுப் பார்.

அடுத்தது புரதம். பசியை அடக்குவதில் அதற்கு இணை குறைவு. எடை இறங்கும்போது தசையும் சேர்ந்து கரைந்துபோகாமல் ஓரளவு காப்பதும் அதுதான். ஆனால் புரதம் என்றாலே பவுடர் டப்பா, புரத பார் என்று ஆகிவிட்டது. உனக்குக் கணக்கு நன்றாக வருமே, இதைச் செய்து பார். பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று அச்சிட்டிருப்பார்கள். முழுப் பாக்கெட்டுக்கும் எவ்வளவு வருகிறது என்று பார்த்து, விலையை அதால் வகு. ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு கொடுக்கிறாய் என்று தெரிந்துவிடும். சமைக்காத பருப்பில் 100 கிராமுக்கு 24 கிராம் போலப் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் தாராளம். ஒரு முட்டையில் 6 கிராம், அதுவும் 75 கலோரிக்குள். முன்பக்கம் 'புரதம் நிறைந்தது' என்று கொட்டை எழுத்தில் போட்ட பாக்கெட்டுகள் பருப்புக்கும் முட்டைக்கும் முன்னால் அநேகமாகத் தோற்றுப்போகும். நான் கடையில் நின்று கைபேசியில் வகுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அங்கே வேலை செய்யும் பையன் ஏதோ விசாரணைக்கு வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டான்.

எண்ணெய்க் கணக்குதான் என்னை நிஜமாக உலுக்கியது. எங்கள் வீட்டில் நாலு பேருக்கு மாதம் நாலு லிட்டர் போய்க்கொண்டிருந்தது. எந்த எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி. ஆலிவ் எண்ணெய்க்கும் அதேதான். கணக்குப் போட்டால் ஆளுக்கு நாளைக்கு 275 கலோரி வருகிறது, தட்டில் கண்ணுக்கே தெரியாமல்! பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவதை விட்டுவிட்டு ஸ்பூனால் அளந்து ஊற்ற ஆரம்பித்தேன், அவ்வளவுதான். இப்போது இரண்டரை லிட்டரில் மாதம் ஓடுகிறது. ஆளுக்குத் தினம் 100 கலோரி குறைந்தது, ஒன்றரை லிட்டர் காசும் மிச்சம். வீட்டில் ஒருவருக்கும் ருசி வித்தியாசம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

டீயில் போடும் சர்க்கரையும் அப்படித்தான். ஒரு டீஸ்பூனுக்கு 16 கலோரி என்றால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். நீ விடுதியில் குடித்தது போல இன்னும் ஐந்து டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் என்றால் 160 ஆகிவிடும். இரண்டை ஒன்றரையாக்கி, பிறகு ஒன்றாக்கு. செயற்கை இனிப்பு மாத்திரை பக்கம் போகாதே. எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023-இல் சொல்லிவிட்டது. மெலிய வைக்கும் டீ, வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் பவுடர் எல்லாம் நீ அனுப்பிய பட்டியலில் இருக்கிறதா? அடித்துவிடு.

காய்கறியில் பெரிய ரகசியம் இல்லை. பழமும் காயுமாக ஒரு நாளைக்கு 400 கிராமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை முட்டைக்கோஸ், கேரட், பூசணி, வெங்காயம் என்று மலிவாகக் கிடைப்பதில் முடித்துக்கொள்ளலாம். உறைய வைத்த காய்களும் சத்தில் சளைத்தவை இல்லை. வாடி வதங்கித் தூக்கிப் போடவும் வேண்டாம். டப்பாவில் அடைத்த காய் மட்டும் கிடைத்தால் தண்ணீரில் அலசிவிடு, உப்பு கொஞ்சம் போகும்.

இப்போது எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். 'நல்ல சாப்பாடு மலிவுதான், மனசிருந்தால் போதும்' என்று சிலர் அறிவுரை சொல்வார்களே, அவர்கள் இரண்டு வேலை பார்த்துவிட்டு வந்து பருப்பு வேக வைத்தவர்களாக இருக்க மாட்டார்கள். 2019-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை அங்கேயே தங்க வைத்து ஒரு சோதனை செய்தது. இரண்டு வாரம் ஆலையில் தயாரித்த பாக்கெட் உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத சாதாரண உணவு. இரண்டிலும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு தின்ற வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்கு 500 கலோரி போலக் கூடுதலாகச் சாப்பிட்டு, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை ஏறினார்கள். மற்ற இரண்டு வாரங்களில் ஏறக்குறைய அதே அளவு இறங்கினார்கள். இதை எல்லோரும் சொல்வார்கள். அதே சோதனையில் சாதாரண உணவுக்குத்தான் செலவு அதிகம் ஆனது என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஆகவே பாக்கெட்டைப் பிரித்துச் சாப்பிட்டதற்காக உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே. அது மலிவு, சட்டென்று ஆகிவிடும், கெட்டும் போகாது.

எனக்குக் கைகொடுத்தது ஒரே நாளில் மொத்தமாக வேக வைப்பது. விடுமுறை நாளில் ஒரு பெரிய பாத்திரம் பருப்போ பயறோ வேக வைத்து, மூன்று நாளைக்கு வேண்டியதைக் குளிர்பெட்டியிலும் மிச்சத்தைச் சிறு டப்பாக்களில் உறைய வைத்தும் விடுவேன். அசதியாக வரும் நாளில் கை பிஸ்கட்டுக்குப் போகாமல் டப்பாவுக்குப் போகும். ஒரு எச்சரிக்கை: சிவப்பு ராஜ்மாவை ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விட வேண்டும். அரைவேக்காடாக இருந்தால் வாந்தி பேதிதான். சோறு மிஞ்சினாலும் வெளியே கிடக்க விடாமல் சீக்கிரம் ஆற வைத்து உள்ளே வை.

மிச்சம் என்றதும் ஞாபகம் வருகிறது. பிள்ளைகள் தட்டில் விட்டதை யார் சாப்பிடுவது? நீதானே? நானும்தான். காசுக்குக் கஷ்டப்படும்போது ஒரு கை சோறு குப்பைக்குப் போவதைப் பார்க்க மனசு வராது. அதைத் தின்றால் காசு மிச்சமாகிறது என்று ஒரு நினைப்பு. உண்மையில் வாங்கும்போதே அந்தக் காசு போய்விட்டது. நான் தின்றதால் அது திரும்பி வரவில்லை, என் இடுப்பில் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். இப்போது பிள்ளைகளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, கேட்டால் மறுபடி போடுகிறேன். பாத்திரத்திலேயே மிஞ்சுவது மறுநாளைக்கு ஆகும். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' பிஸ்கட்டும் இந்த ரகம்தான். எங்கள் வீட்டில் இரண்டாவது பாக்கெட் ஒரு நாள்கூடக் கூடுதலாக நின்றதில்லை.

அப்புறம், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். மாத்திரையோ ஊசியோ ஆரம்பித்திருந்தால், சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடு. சில மருந்துகளோடு சாப்பாட்டையும் குறைத்தால் சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் வரும். வாரத்துக்கு அரைக்கிலோ இறங்கினாலே போதும். சில வாரம் அசையாது. ஒரே கிழமையில், காலையில், வாரம் ஒரு தடவை மட்டும் மெஷினில் ஏறு.

என் கதைக்கு வருகிறேன். பத்து மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. அதில் மூன்று திரும்ப ஏறிவிட்டது, மறைக்க விரும்பவில்லை. வேலை கிடைத்த குஷியில் வட்டம் போட்ட சாமான்கள் மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்துவிட்டன. முழங்கால் வலி மட்டும் போனது போனதுதான். பெரியவள் இந்த வருடம் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். அவளுக்கு அங்கே என்ன பெயர் வைப்பார்களோ.

உன் போன மாத பில்லை அனுப்பு. நானும் என்னுடையதை அனுப்புகிறேன். நீ என்னுடையதற்கு வட்டம் போடு, நான் உன்னுடையதற்குப் போடுகிறேன். பிஸ்கட் வாங்கிய பக்கத்தைக் கிழித்துவிட்டு அனுப்பினால் எனக்குத் தெரியும்டி, மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்துவிடுவேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி