குப்பூஸ் உப்ப மாட்டேன் என்கிறது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கணக்குப்பிள்ளை போன வாரம் வந்துபோனார். அந்தப் பாக்கியைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் குப்பூஸ்.

சிரிக்காதே. ஷார்ஜா ரோலாவில் ஒரு திர்ஹமுக்கு அந்த அரபு ரொட்டியை வாங்கித் தின்றே காலத்தை ஓட்டியவர்கள் நாம். ஊருக்குப் போனால் இதன் முகத்தில் விழிக்கவே கூடாது என்று சபதம் செய்தவனும் நான்தான். இப்போது சின்னவள் கேட்கிறாள் என்று செய்ய ஆரம்பித்தேன். மைதா, ஈஸ்ட், உப்பு, தண்ணீர், இதில் என்ன வித்தை இருக்கிறது? ஆனால் ஓவனில் வைத்தால் உப்பாமல் வரட்டி மாதிரி இறுகிக் கிடக்கிறது.

ஈஸ்ட் பழசாகியிருக்கும் என்றேன். உன் தங்கச்சி திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்: "நான் சப்பாத்தியில் ஈஸ்டா போடுகிறேன்? அது உப்பவில்லையா?" நியாயமான கேள்வி. ஈஸ்ட் மென்மைக்கும் ருசிக்கும்தான். உள்ளே பை மாதிரி பிரிப்பது நீராவி. தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். மேலும் கீழும் தோல் சட்டென்று இறுகினால்தான் அந்த ஆவி உள்ளேயே மாட்டிக்கொண்டு தூக்கும். மெதுவாகச் சூடேறினால் அதற்குள் மாவு முழுக்கக் காய்ந்துவிடும்.

கடை அடுப்பில் 400 டிகிரியைத் தாண்டும். நம் வீட்டு ஓடிஜியோ, அதான் அந்தச் சின்ன மின்சார ஓவன், 250-லேயே நின்றுவிடுகிறது. அதுவும் சொல்லுக்குத்தான்! விளக்கு அணைந்தால் காற்று சூடாகிவிட்டது என்று அர்த்தம், தட்டு சூடாகியிருக்காது. அதனால் பழைய இரும்பு தோசைக்கல்லை உள்ளே வைத்து அரைமணி நேரத்துக்கு மேல் காயவிட்டு, அதன் மேல் போட்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் முதலில் அங்கங்கே சின்னக் கொப்புளம், அப்புறம் ஒரு ஓரம் மட்டும் எழும்பியது, அடுத்த நொடி முழுசும் குபுக்கென்று நிமிர்ந்துவிட்டது. சின்னவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார்.

ஆனாலும் எல்லாம் உப்புவதில்லை. தேய்க்கும்போது மடிப்போ கீறலோ விழுந்தால் ஆவி அந்த வழியாகப் போய்விடும். நடுவில் மெலிந்து ஓரம் தடித்தால் பாதிதான் எழும்பும். ஒரே சீராக அரை சென்டிமீட்டர் கனம் வேண்டும். தேய்த்ததை ஈரத்துணிக்கு அடியில் கால்மணி நேரம் விடவேண்டும், மேல்தோல் காய்ந்தால் வெடித்துவிடும். கெட்டி மாவும் ஆகாது: 300 கிராம் மைதாவுக்கு 190 மில்லி தண்ணீராவது வேண்டும், கையில் லேசாக ஒட்டட்டும். இத்தனையும் பார்த்துச் செய்தாலும் நாலைந்து போட்டதும் கல் ஆறிவிடுகிறது. மறுபடி காயும்வரை பொறுக்க இங்கே யாருக்குப் பொறுமை? சின்னவள் வேறு நிமிஷத்துக்கு ஒருதரம் கதவைத் திறந்து பார்க்கிறாள். உப்பாததை வெட்டி எண்ணெய் தடவி மொறுமொறுவென்று சுட்டுவிடுகிறோம். உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். முதல் மாதம் வீட்டுக்கு வீடு விருந்து நடக்கும். அப்புறம் பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்போ திரும்பப் போறீங்க?" என்பார்கள். அது சுருக்கென்று குத்தும்டா. வீட்டுக் கடன் அடையும்வரை ராஜினாமா எழுதாதே. அடைந்துவிட்டால் அங்கே ஒரு நாள்கூட நிற்காதே.

லீவுக்கு வரும்போது ஓவனுக்குள் வைக்கிற வெப்பமானி ஒன்று வாங்கி வா, இந்த 250 உண்மைதானா என்று பார்த்துவிட வேண்டும். ஜாத்தர் பொடியும், அதான் அந்த அரபு மசாலா, ஒரு பொட்டலம். பெட்டியில் இடமில்லை என்று கதை விடாதே, மச்சானுக்கு டிவியே கொண்டுவந்தவன் நீ.

உன்,
மூணாம் கட்டில்காரன்