அரபி வகுப்பெடுக்கும் ஆய்வு மாணவர்களுக்கு ஓர் ஆர்டர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடுமலைப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். கௌரவ விரிவுரையாளர்களின் சம்பளம், பணி நிரந்தரம் பற்றியெல்லாம் உங்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறேன். அவர்களுக்கும் கீழே இன்னொரு வரிசை இருக்கிறது: எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாமல் வகுப்பெடுக்கும் ஆய்வு மாணவர்கள். நான் அரபியில் பிஎச்.டி. செய்கிறேன். கொங்கு நாட்டுப் பழைய நிலப் பத்திரங்களில் வரும் அரபிச் சொற்கள்தான் என் ஆய்வு. அதற்கிடையில் நான்கு செமஸ்டர் முதலாமாண்டு மாணவர்களுக்கு அரபி நடத்தினேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நம் கல்லூரிகளில் பகுதி 1 மொழிப்பாடத்துக்குப் பெரும்பாலோர் தமிழ் எடுப்பார்கள். சில கல்லூரிகளில் இந்தி, பிரெஞ்சு, மலையாளம், அரபி என்று வேறு மொழியும் எடுக்கலாம். பி.காம். படிக்கிற பையன், கணினி படிக்கிற பெண் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து படிக்கும் வகுப்பு அது. ஒரு நாள் என் ஆய்வு நெறியாளர் கூப்பிட்டு, "அடுத்த வாரத்திலிருந்து ஃபர்ஸ்ட் இயரை நீ பார்த்துக்கம்மா" என்றார். அவ்வளவுதான். எழுத்தில் பணி ஆர்டர் கிடையாது, பணம் பற்றிப் பேச்சு கிடையாது, வாரத்துக்கு எத்தனை பீரியட் என்றுகூடச் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷம்தான். அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அத்தாவிடம், அதாவது அப்பாவிடம், சொன்னேன்.

அத்தா ஷார்ஜாவில் 14 வருடம் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர். அவருக்குத் தெரிந்தது கடைத்தெரு அரபி. 'என்ன வேண்டும்' என்பதற்கு அவர் 'ஷூ தபி' என்பார். எங்கள் பாடப்புத்தகமோ 'மாதா துரீது' என்று சொல்லிக் கொடுக்கும். எழுதும் அரபி ஒன்று, ஊருக்கு ஊர் பேசும் அரபி வேறு. "பிள்ளைகளுக்கு ரெண்டையும் சொல்லிக்கொடு, ஒண்ணை மட்டும் படிச்சுட்டு அங்க போய் முழிக்கக் கூடாது" என்றார். அவர் சொன்னதைக் கடைசிவரை கடைப்பிடித்தேன்.

காலை 6 மணிக்கு உடுமலையில் பஸ் ஏறி, பொள்ளாச்சி வழியாக உக்கடத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். முதல் வகுப்பில் 42 பேர். பாதிப் பேர் ஐந்தாறு வயதிலேயே மதரசாவில் குர்ஆன் ஓதக் கற்றவர்கள். கடகடவென்று வாசிப்பார்கள், ஆனால் ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. மீதிப் பேர் அந்த எழுத்தை அன்றுதான் பார்க்கிறார்கள். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் செக்கு வைத்திருக்கும் வீட்டுப் பையன், திருப்பூரில் நிட்டிங் யூனிட் நடத்துபவரின் மகள், ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரரின் மகன். துபாய்க்குச் சரக்கு அனுப்புகிறோம், மெயிலில் வருவதையாவது படிக்கத் தெரியட்டும் என்று வீட்டில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். 28 எழுத்து, அதில் 6 எழுத்து தனக்குப் பின்னால் வரும் எழுத்தோடு ஒட்டாது. வலமிருந்து இடமாக எழுத வேண்டும். இந்த இரண்டு பாதியையும் ஒரே பலகையின் முன் வைத்து எப்படி நடத்துவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் தொடங்கிய இடத்திலேயே நானும் தொடங்கினேன்: இஸ்ம், ஃபிஅல், ஹர்ஃப், அதாவது பெயர், வினை, இடைச்சொல். மூன்று மாதம் அப்படியே ஓடியது. மதரசாவில் படித்தவர்கள் சலித்துப்போனார்கள், மற்றவர்கள் தொலைந்துபோனார்கள். அந்த செமஸ்டரில் 9 பேருக்கு அரியர். அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஒரு மூத்த ஆசிரியர் இரண்டு நாள் பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனித்து, "இதை இப்படி மாற்றம்மா" என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள்.

அப்புறம் நானாகத்தான் கண்டுபிடித்தேன். ஒரு நாள் பலகையில் வசூல், பாக்கி, அசல், ஆஜர், ஜாமீன், தகராறு என்று எழுதினேன். இத்தனையும் அரபியிலிருந்து வந்தவை, நீங்கள் பிறந்ததிலிருந்து அரபி பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்றேன். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. மஞ்சளுக்கு அரபியில் குர்க்கும் என்றதும் ஈரோட்டுப் பையன் நோட்டில் இரண்டு முறை எழுதிக்கொண்டான். பருத்திக்கு குத்ன். ஆங்கிலக்காரன் காட்டன் என்று சொல்வது அங்கிருந்து போனதுதான்.

மூன்று மெய்யெழுத்தை வேராக வைத்து அரபி எப்படிச் சொற்களைக் கிளைக்க வைக்கிறது என்று காட்டினேன். கதப என்றால் எழுதினான், காதிப் எழுதுபவர், கிதாப் புத்தகம், மக்தப் அலுவலகம், மக்தபா நூலகம். திருப்பூர்ப் பெண் எழுந்து, "ஒரே நூலுல ஜெர்சி, ரிப், இன்டர்லாக்னு விதவிதமா துணி ஓட்டற மாதிரிங்களா மேடம்?" என்றாள். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அதன் பிறகு அவள் சொன்னதை வைத்துத்தான் அந்தப் பாடத்தை ஆரம்பித்தேன்.

செக்குக்காரர் வீட்டுப் பையன் வேறொன்று கேட்டான்: "ஏனுங்க மேடம், அரபியில மரியாதைக்கு என்னங்க சொல்றது?" வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிற ஊர்க்காரனுக்கு அந்தச் சந்தேகம் வரத்தானே செய்யும்? பெரியவரானாலும் ஆணுக்கு அன்த, பெண்ணுக்கு அன்தி. மரியாதை காட்ட ஹழ்ரதுக என்று தனிச்சொல் உண்டு என்றேன். நம்மிடம் நாம், நாங்கள் என்று இரண்டு இருக்கிறது. அரபியில் இரண்டுக்கும் நஹ்னு ஒன்றுதான். அவர்களிடம் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவில் இருமை என்று ஒன்று இருக்கிறது. நம்மிடம் அது இல்லை. இப்படித் தமிழை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடத்தினால் பிள்ளைகள் கூடவே வருகிறார்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

வாரத்துக்கு 14 பீரியட். இன்டர்னல் தேர்வு, விடைத்தாள் திருத்துவது, மார்க் ஏற்றுவது எல்லாம் தனி. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் என்னுடையது கிடையாது. நான்கு செமஸ்டரிலும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. பஸ் காசு வீட்டிலிருந்து போனது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய் வருகிறது. எனக்கு நெட் கிடைத்தது, ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை. சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மவுலானா ஆசாத் தேசிய உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருந்தேன். அதை நிறுத்திவிட்டதாக மத்திய அரசு 2022 டிசம்பரில் அறிவித்துவிட்டது.

என்னோடு எம்.ஏ. படித்த தோழி ஒருத்தி இப்போது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாள். அவளும் முதலாமாண்டு அரபிதான் நடத்துகிறாள். அங்கே பல பல்கலைக்கழகங்களில் தொடக்க நிலை மொழி வகுப்புகள் ஆய்வு மாணவர்கள் கையில்தான் இருக்கின்றன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அங்கு அரபி படிப்பவர்கள் மளமளவென்று கூடினார்கள்: 2002-ல் சுமார் 10,600 பேர், 2006-ல் ஏறத்தாழ 24,000 பேர். அவ்வளவு பேருக்கு நடத்த உடனே எத்தனை பேராசிரியர்களைத் தேட முடியும்? அதில் பெரும் சுமை ஆய்வு மாணவர்கள் தோளில் விழுந்தது. ஆனால் தோழியிடம் பணி நியமனக் கடிதம் ஒன்று இருக்கிறது. ஒரு வகுப்பு, வாரத்துக்கு ஐந்து நாள், கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, மாத உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு. வெளிநாட்டு மாணவர்கள் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று விசா விதியே இருக்கிறது. வகுப்பு தொடங்கும் முன் ஒரு வாரம் பயிற்சி. ஒருங்கிணைப்பாளர் செமஸ்டருக்கு இரண்டு முறை வந்து உட்கார்ந்து பார்த்து, எழுத்தில் கருத்துச் சொல்கிறார். அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. 2022 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்கள் உட்பட சுமார் 48,000 பேர் ஊதியம் போதவில்லை என்று ஏறத்தாழ ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களால் கேட்க முடிந்தது, ஏனென்றால் வேலை பார்க்கிறார்கள் என்பதற்குக் காகிதம் இருந்தது.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. யுஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2022 பிஎச்.டி. விதிமுறைப்படி, எந்தத் துறை ஆய்வாளரும் தன் பாடத்தைக் கற்பிப்பதிலோ எழுதுவதிலோ பயிற்சி பெற்றாக வேண்டும். வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் உதவிப் பணியும் ஒதுக்கலாம். எனக்கு அந்தப் பயிற்சி கிடைக்கவில்லை. 6 மணி நேரம் என்ற எல்லையும் கிடைக்கவில்லை. யுஜிசியின் 2018 விதிமுறை இன்னொன்று சொல்கிறது: பிஎச்.டி. படிக்கும் காலத்தைக் கற்பித்தல் அனுபவமாகக் காட்ட முடியாது. விடுப்பு எடுக்காமல் ஆசிரியர் பணியில் இருந்துகொண்டே ஆய்வு செய்தவர்களுக்கு மட்டும் அந்தக் காலம் சேரும். போன மாதம் ஒரு தனியார் கல்லூரியில் நேர்காணலுக்குப் போனேன். அனுபவம் என்ன என்றார்கள். நான்கு செமஸ்டர் என்றேன். சான்றிதழ் கேட்டார்கள். கையை விரித்தேன்.

நெறியாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. துறையில் ஓய்வு பெற்றவர் இடம் நிரப்பப்படவே இல்லை. இருக்கிற ஒருவர் எல்லா வகுப்பையும் எடுக்க முடியாது. வகுப்பெடுக்க முடியாது என்றும் நான் சொல்லவில்லை. எனக்கு வகுப்பு வேண்டும். எத்தனை பீரியட் என்று எழுதி, என் பெயர் போட்டு, பதிவேட்டில் நானே கையெழுத்திடும்படி ஓர் ஆர்டர் கொடுங்கள் என்கிறேன். கௌரவ ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் வரை தரலாம் என்று யுஜிசி 2019-லேயே சொல்லியிருக்கிறது. ஆய்வு மாணவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு வைத்தாலும் பஸ் காசு, புத்தகக் காசு கழிந்துவிடும். ஜூனில் கல்லூரி திறக்கும் முன் பத்து நாள், மொழி கற்பிப்பதற்கென்றே பயிற்சி வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே செய்ய முடியாவிட்டால், கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் அரபி, பிரெஞ்சு, மலையாளம் நடத்துகிறவர்களைப் பல்கலைக்கழகமே ஓரிடத்தில் கூட்டி வைத்துச் சொல்லித் தரலாம். பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை.

ஐக்கிய அரபு அமீரகத்தோடு செய்த வணிக ஒப்பந்தம் 2022 மே மாதம் அமலுக்கு வந்த பிறகு திருப்பூரில் அந்தப் பக்கத்து ஆர்டர் பேச்சு கூடியிருக்கிறது. வளைகுடாவுக்குப் போகும் துணிக்கு அரபியில் லேபிள் கேட்கிறார்கள். அதைப் பிழையில்லாமல் படித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் நம் ஊரிலேயே உருவாக முடியும். அவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது எங்களைப் போன்றவர்கள்தான்.

என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆய்வேட்டை இன்னும் சமர்ப்பிக்கவில்லை, நெறியாளர் கையெழுத்து வேண்டும்.

இந்த வருடம் எனக்குப் பின்னால் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அதே வார்த்தை வந்திருக்கிறது: "அடுத்த வாரத்திலிருந்து நீ பார்த்துக்கம்மா." பழைய நோட்டு கேட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். வசூல், பாக்கி, அசல் என்று தொடங்கும் நோட்டைக் கொடுத்தேன். கூடவே ஒரு புது டைரியும் கொடுத்து, எடுக்கிற ஒவ்வொரு பீரியடையும் தேதி, மணி போட்டு எழுதி வை என்று சொல்லி அனுப்பினேன்.

இப்படிக்கு,
அரபி ஆய்வு மாணவி,
உடுமலைப்பேட்டை