ஃப்ரீ ரிட்டர்னுக்கு காசு யார் குடுக்கறாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

ஆன்லைன் வியாபாரம் எப்படி வளந்துச்சுன்னு ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எல்லாமே வாங்கறவங்க பக்கம் நின்னு எழுதினது. நான் திருப்பூர்ல டி-ஷர்ட் தைச்சு ஆன்லைன்ல விக்கற ஆளு, எங்க பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க.

2007ல பிளிப்கார்ட் ஆரம்பிச்சப்ப வெறும் புக்கு மட்டும்தான் வித்தாங்க. எங்க வாங்கினாலும் அதே புக்குதான், உடையாது, அளவு பாக்க வேண்டியதில்ல, திருப்பி அனுப்ப காரணமே இருக்காது. கார்டு நம்பர் குடுக்க பயந்த ஜனங்களுக்காக 2010ல கேஷ் ஆன் டெலிவரி வந்துச்சு, அதுக்கப்புறம்தான் சின்ன ஊர்க்காரங்களும் தைரியமா ஆர்டர் போட ஆரம்பிச்சாங்க. அடுத்து செல்போன், 2014ல சியோமி போன் ஆன்லைன்ல மட்டும்தான்னு விட்டாங்க, வந்த வேகத்துல தீந்துபோச்சு, கடைக்காரங்க எல்லாம் கொதிச்சுப் போனாங்க. போனும் புக்கு மாதிரிதாங்க, மாடல் பேரு சொன்னா போதும், தொட்டுப் பாக்க வேண்டியதில்ல.

துணி அப்படி இல்ல. போட்டுப் பாக்காம யாருங்க வாங்குவா? அதனாலதான் பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துருங்க, ஃப்ரீன்னு சொல்லி பழக்கினாங்க. மளிகைல இந்த தலவலி கெடையாது, அழுகின தக்காளிய யாரும் திரும்ப எடுத்துட்டுப் போறதில்ல, போட்டோ போட்டா காசு வந்துரும், அங்க போட்டியே பத்து நிமிஷமா எட்டு நிமிஷமாங்கறதுலதான். நகையும் கண்ணாடியும் வேற ரூட்டு, 2008ல சென்னைல ஆன்லைன்ல ஆரம்பிச்ச கேரட்லேன், 2010ல வந்த லென்ஸ்கார்ட் ரெண்டு பேருமே கடைசில ரோட்டு மேல கடை தொறந்துட்டாங்க. ஜனங்க தொட்டுப் பாக்கணும்னு நினைக்கற சாமானுக்கு கடை வேணும்னு அவங்களுக்கு புரிஞ்சுருச்சு. 299 ரூபா டி-ஷர்ட் விக்கறவன் ஊரூருக்கு கடை போட முடியுமாங்க?

ரிட்டர்ன் பார்சல பிரிச்சா என்னல்லாம் இருக்கும்னு கேளுங்க. டேக் வெட்டியிருக்கும், கக்கத்துல வேர்வை வாடை அடிக்கும், சிலதுல நாங்க அனுப்பின கலரே இருக்காது, வேற எவனோ தைச்ச பழைய பனியன் மடிச்சு வச்சிருக்கும். இதுக்காகவே பேக்கிங் டேபிளுக்கு மேல கேமரா மாட்டி ஒவ்வொரு பார்சலையும் வீடியோ எடுக்கறோம், பிரிக்கறப்பவும் எடுக்கறோம், அப்படியும் கிளெய்ம் போட்டா ரிஜெக்ட்னு ஒரு வரி பதில் வரும். நான் விக்கற சைட்டுல கொரியர் காசு போக வர ரெண்டுக்கும் எங்க கணக்குலதான் பிடிக்கறாங்க. வாங்கறவங்களுக்கு ஃப்ரீதான், நான் இல்லைன்னு சொல்லல. கேஷ் ஆன் டெலிவரில ஆர்டர் போட்டுட்டு கதவு தட்டறப்ப போன எடுக்காதவங்க தனி ரகம்.

ஆனா கஸ்டமர மட்டும் திட்டறதும் தப்புங்க. எல்-னு போட்டா ஒரு யூனிட்டுல 40 இன்ச், பக்கத்து யூனிட்டுல 42. ஒருத்தரு ஐரோப்பா ஆர்டர் பேட்டர்ன, அதாவது துணி வெட்டற அளவு அட்டைய வச்சு வெட்டறாரு, இன்னொருத்தரு பழைய லோக்கல் பேட்டர்ன். காம்பாக்டிங், அதாவது வெட்டறதுக்கு முன்னாடியே துணிய ஆவில அமுக்கி சுருங்க வைக்கற வேலைய சரியா பண்ணலைன்னா முத வாஷ்லயே சுருங்கிரும். அப்ப ஜனங்க எம் ஒண்ணு எல் ஒண்ணு ஆர்டர் பண்ணி, சரியா இருக்கறத வச்சுட்டு மத்தத திருப்பி விடறாங்க, நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்.

இந்தியர்களுக்குன்னே ஒரு சைஸ் சார்ட் வேணும்னு நிஃப்ட்ங்கற அரசு ஃபேஷன் காலேஜ் மூலமா 25 ஆயிரம் பேரை அளக்கப் போறோம்னு 2018லயே அறிவிச்சாங்க. எங்கள மாதிரி சின்ன யூனிட்டுக்கு அந்த சார்ட் இன்னும் கைக்கு வரல. அத சீக்கிரம் குடுங்கன்னு உங்க பேப்பர் மூலமா ஜவுளித்துறைக்கு கேக்கறேன். 2020ல வந்த இ-காமர்ஸ் விதில, சாமான் டேமேஜா இருந்தாலோ சொன்ன மாதிரி இல்லைன்னாலோ திரும்ப எடுக்க மாட்டேன்னு விக்கறவன் சொல்லக்கூடாதுன்னு இருக்கு, நியாயம்தான், எடுக்கறோம். போட்டுத் தேச்சுட்டு அனுப்பறதுக்கும் எங்க தலைலதான் கொரியர் காசுன்னா அதுக்கும் ஒரு விதி போடுங்க, பாதிய சைட்டுக்காரங்க ஏத்துக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பனியன் யூனிட்காரன்,
திருப்பூர்.